பத்தொன்பது காட்டிய சார்ஜர்

குருவுக்கு முப்பது வயது. சிஷ்யைக்கு நாற்பத்தைந்து.

கோபி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் லேப்டாப் ரிப்பேர் கடையில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. குரு சம்சாத், கடைக்குச் சொந்தக்காரி. சிஷ்யை கலாமணி, இரண்டு மகன்களையும் காலேஜுக்கு அனுப்பிவிட்டு, "இனி என் படிப்பு" என்று வந்து உட்கார்ந்தவள்.

வந்த அன்றைக்கே கலாமணி கேட்டாள். "உங்களை என்னன்னுங்க கூப்பிடறது?"

"பேரைச் சொல்லுங்க கலாக்கா. நான் சின்னவதானே."

"வித்தை குடுக்கறவங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டா கை விளங்குமா?"

அப்போது விளையாட்டாக "குருவே" என்றாள். அது அப்படியே ஒட்டிக்கொண்டது.

ஒரு வருஷம் ஓடியது. ஒருநாள் காலையில் கடை திறந்ததும் கலாமணி துடைத்த மேசையையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தாள்.

"குருவே, ஒரு சந்தேகமுங்க."

"சார்ஜரா, பேட்டரியா?"

"நானுங்க."

சம்சாத் நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்க பக்கத்துல இருந்தா எல்லாந் தெரியுது. நீங்க டீ குடிக்கப் போயிட்டாப் போதும், கை நடுங்குது. எனக்குத் தொழில் வந்துருச்சா, இல்லையா? அதை எப்படிங்க கண்டுபிடிக்கறது?"

சம்சாத் எழுந்தாள். அப்போதுதான் கலாமணி பார்த்தாள், குரு ஜரிகைச் சேலையில் இருந்தாள். தோளில் பை வேறு.

"நாத்தனார் பொண்ணுக்கு இன்னைக்கு பவானியில நிக்காஹ். நான் கிளம்பறேன்."

"அப்ப கடை?"

"நீங்க பார்த்துக்கங்க."

"ஏதாச்சும் ஒண்ணுன்னா போன் பண்றேனுங்க."

சம்சாத் போனை எடுத்தாள். கலாமணியின் கண்ணெதிரிலேயே அணைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"குருவே, என் கேள்விக்குப் பதில்?"

"அதைத்தான் குடுத்துட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டுப் பேருந்தைப் பிடிக்க ஓடினாள் குரு.

கலாமணிக்கு முதலில் கோபம் வந்தது. அப்புறம் பயம் வந்தது. பயத்தோடு உட்கார்ந்திருக்கும்போதே, பதினோரு மணி தாண்டி வாடிக்கையாளரும் வந்துவிட்டாள்.

வந்தவள் பெயர் தாரணி. ஆலாம்பாளையத்துப் பெண். தலைகூடச் சரியாகச் சீவாமல், லேப்டாப்பைக் கைக்குழந்தைபோல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியேறினாள்.

"அக்கா, செத்துப் போச்சுங்க்கா! நேத்து வரைக்கும் நல்லா இருந்துச்சு. இப்ப சார்ஜர் போட்டாலும் எந்திரிக்க மாட்டேங்குது. பன்னெண்டு மணிக்கு எனக்கு இன்டர்வியூ. கோயமுத்தூர்ல, ஆஸ்பத்திரி லேப்ல வேலை. வீடியோவுல கேப்பாங்க."

"போன்ல பேச முடியாதா கண்ணு?"

"போன்ல ஆகாதாம். ஸ்கிரீன்ல ஒரு பரீட்சையும் எழுதிக் காட்டோணுமாம். போன மாசம் ஒரு இன்டர்வியூ பாதியில நெட்டு போய், அந்த வேலையே போச்சுங்க்கா. இதுவும் போச்சுன்னா எங்கப்பா அடுத்த முகூர்த்தத்துலயே மாப்பிள்ளை பாத்துருவாரு!"

"அட, அழுவாத. உக்காரு. முதல்ல தண்ணியக் குடி."

சொன்னாளே தவிர, தண்ணீரைக் குடித்தது கலாமணிதான்.

குழந்தை பால் குடிக்காமல் அழுதால் அம்மாக்காரி என்ன செய்வாள்? பால்புட்டியில் அடைப்பா, குழந்தைக்கு வயிறு சரியில்லையா என்று பார்ப்பாள். லேப்டாப்புக்கும் அதே கதைதான். சார்ஜர் ஊட்டுகிறது, பேட்டரி வாங்கி வைத்துக்கொள்கிறது. ஊட்டுவதில் கோளாறா, வாங்குவதில் கோளாறா? அது தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

கலாமணி சார்ஜரைப் பிளக்கில் செருகினாள். சார்ஜர் முதுகில் பச்சை விளக்கு எரிந்தது. லேப்டாப்பில் செருகிப் பொத்தானை அழுத்தினாள். ஒரு மினுக்கல். அதோடு சரி.

சார்ஜரைக் கழற்றி எடுத்து, அதன் முனையில் வோல்ட் அளக்கும் மீட்டரை வைத்தாள். சார்ஜரின் முதுகில் பத்தொன்பது வோல்ட் என்று அச்சடித்திருந்தது. மீட்டரும் பத்தொன்பது காட்டியது.

"பத்தொம்பது!" என்று கத்திவிட்டாள். கை நடுக்கம் எங்கே போனதென்றே தெரியவில்லை. "சார்ஜர் தங்கமாட்டம் இருக்குது கண்ணு. பேட்டரிதான் போச்சு. மாத்திட்டா எந்திரிச்சிரும்."

"நேரம் ஆகுமாங்க்கா?"

"நீ நூறு எண்ணு. அதுக்குள்ள ஆயிரும்."

தாரணி நிஜமாகவே எண்ணத் தொடங்கினாள். கலாமணி லேப்டாப்பைக் கவிழ்த்துப் போட்டுத் திருகுகளைக் கழற்றினாள். பழைய பேட்டரி வெளியே, புதிய பேட்டரி உள்ளே. மூடிப் பொத்தானை அழுத்தினால், அடடா, திரை சிரித்துக்கொண்டு எழுந்தது! மூலையில் நாற்பத்து மூன்று என்றது. சார்ஜரையும் செருகினாள். சார்ஜ் ஏறும் அடையாளமும் வந்தது.

"அக்கா, நீங்க சாமி!"

"ஓடு கண்ணு, ஓடு. நல்லாப் பேசோணும், தெரிஞ்சுதா?"

எண் மேலே ஏறுகிறதா என்று பார்க்க இருவருக்குமே பொறுமை இல்லை. தாரணி லேப்டாப்பையும் சார்ஜரையும் வாரிக்கொண்டு ஸ்கூட்டியில் பறந்தாள்.

கலாமணி நாற்காலியில் சாய்ந்தாள். ஒரு டீ சொல்லி அனுப்பினாள். குரு வந்து கேட்டால் எப்படிச் சொல்வது என்று ஒத்திகைகூடப் பார்த்தாள். "அது ஒண்ணுமில்லீங்க குருவே, மீட்டர் வச்சேன், பத்தொம்பது, அவ்வளவுதான்."

அந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. கழற்றிய பொருளை அப்படியே குப்பைப் பெட்டியில் போட மாட்டார்கள். உயிர் இருக்கிறதா என்று கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் போடுவார்கள். சம்சாத் வைத்த சட்டம் அது. கலாமணியும் சடங்குபோல அந்தப் பழைய பேட்டரியை எடுத்து, கடையில் சோதனைக்கென்றே கிடக்கும் அதே கம்பெனி லேப்டாப்பில் பொருத்தி, கடைச் சார்ஜரைச் செருகினாள்.

டீ வந்தது. ஒரு வாய் குடித்துவிட்டுத் திரையைப் பார்த்தாள்.

ஒன்று.

இன்னொரு வாய் குடித்தாள்.

இரண்டு. கொஞ்ச நேரத்தில் மூன்று.

டம்ளரைக் கீழே வைத்தாள். செத்துப்போன பேட்டரி எங்கேயாவது சார்ஜ் ஏறுமா? அது எட்டைத் தொட்டதும் சார்ஜரை வெடுக்கென்று பிடுங்கிப் பார்த்தாள். லேப்டாப் அசையவில்லை. பேட்டரி பலத்திலேயே ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது.

"ஐயோ, இது நல்ல பேட்டரியாச்சே!"

அப்படியானால் தாரணியின் லேப்டாப் எதனால் படுத்தது? மிச்சம் இருப்பது சார்ஜர்தான். ஆனால் அது பத்தொன்பது காட்டியதே?

கலாமணி மேசைமேல் கிடந்த மீட்டரைப் பார்த்தாள். கழற்றிக் கையில் வைத்துக்கொண்டுதானே அளந்தோம்? அதன் தலையில் ஒரு பாரமும் இல்லாதபோதுதானே அளந்தோம்? லேப்டாப்பில் செருகிப் பாரம் இழுக்கச் சொன்னபோது ஒரு மினுக்கல் மினுக்கிவிட்டுப் படுத்துக்கொண்டதே, அதைக் கண்ணால் பார்த்துமா விட்டோம்?

இப்போது அந்த நாற்பத்து மூன்றும் விளங்கியது. புதுப் பேட்டரி கம்பெனியிலிருந்து வரும்போதே பாதி வயிறு நிரம்பித்தான் வரும். அம்மா வீட்டில் சாப்பிட்டு வந்த தெம்பு அது. அந்தத் தெம்பு தீர்ந்ததும், ஊட்டுவதற்கு ஆளில்லாமல், இன்டர்வியூ நடுவில் அந்த லேப்டாப் கண்ணை மூடிவிடும்!

கடிகாரத்தைப் பார்த்தாள். பன்னிரண்டு அடித்துக் கொஞ்ச நேரம் ஆகியிருந்தது.

கடை நோட்டில் எழுதியிருந்த எண்ணைப் பார்த்துத் தாரணிக்குப் போன் போட்டாள். அணைத்து வைத்திருந்தாள். குருவுக்கும் போட்டுப் பார்த்தாள். அது அணைந்திருப்பது தெரிந்தேதான் போட்டாள்.

மனசு ஒரு நொடி வேறு பாடம் படித்தது. "அவளே சந்தோஷமாத்தானே போனா? அப்புறம் கேட்டா லேப்டாப்பே கோளாறுன்னு சொல்லிக்கலாம்."

அந்த நொடி முடிவதற்குள் கலாமணியின் கை, கடைச் சார்ஜரைச் சுருட்டிப் பைக்குள் போட்டுவிட்டது. பழைய பேட்டரியையும் கழற்றி எடுத்துக்கொண்டு, பாதி டீயை அப்படியே வைத்துவிட்டுக் கடைக் கதவை இழுத்தாள்.

டீக்கடைக்காரர் கத்தினார். "என்னக்கா, குரு இல்லாட்டி சிஷ்யைக்கு லீவா?"

"குரு இல்லாட்டித்தானுங்க எனக்கு வேலையே!"

மொபெட் சீறிக்கொண்டு கிளம்பியது. சத்தியமங்கலம் ரோட்டில் ஒரு கரும்பு லாரி. அதைத் தாண்டினால் வாய்க்கால் மேட்டில் ஆட்டுக்கூட்டம். "ஒதுங்குங்க சாமி, ஒதுங்குங்க!" என்று ஆடுகளையே கும்பிட்டுக்கொண்டு போனாள். சேலைத் தலைப்பு கொடிபோலப் பறந்தது. ஆலாம்பாளையத்தில் எந்த வீடென்று யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. வாசலில் தாரணியின் ஸ்கூட்டி கோணலாக நின்றது.

கதவுக்கு முன்னால் தாரணியின் அம்மா விளக்குமாற்றைப் பிடித்துக்கொண்டு காவல் இருந்தாள்.

"உள்ள போகக் கூடாதுங்க! புள்ளைக்கு இன்டர்வியூ நடக்குது. கோழியக்கூடக் கூடையில கவுத்து வச்சிருக்கறேன்."

"அக்கா, நான் லேப்டாப் கடை. சார்ஜர் மாறிப் போச்சு. இப்பப் போகாட்டி அது அணைஞ்சிரும்."

"அணைஞ்சா?"

"வேலை போயிரும்."

விளக்குமாறு ஒதுங்கியது.

"சத்தம் போடாம போங்க. மொகத்தைக் காட்டீறாதீங்க."

கலாமணி கதவை ஒருக்களித்துப் பார்த்தாள். தாரணி நிமிர்ந்து உட்கார்ந்து, கணீரென்று பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். மேலே புதுச் சுடிதார்ச் சட்டை, தலையில் பூ. மேசைக்குக் கீழே பழைய பாவாடை. லேப்டாப்பின் மூலையில் சிவப்பாக ஏழு.

கலாமணி தரையில் மண்டியிட்டாள். கைக்குழந்தை தவழ்வதுபோலத் தவழ்ந்தாள். கட்டிலுக்கடியில் ஒரு சாக்கு மூட்டை, ஒரு தேங்காய்க் குவியல். அதையெல்லாம் சுற்றிக்கொண்டு சுவரோரம் போய்ப் பழைய சார்ஜரைப் பிடுங்கினாள். கடைச் சார்ஜரைச் செருகினாள். இனி மறுமுனையை லேப்டாப்பில் மாட்ட வேண்டியதுதான் பாக்கி.

மேசைக்கடியிலிருந்து ஒரு கை மெல்ல எழுந்தது. தாரணி அதைப் பார்த்து "ஹக்" என்றாள்.

திரையில் இருந்த அம்மையார் பேச்சை நிறுத்தினார்.

"உங்க பக்கத்துல யாரோ இருக்காங்களா?"

தாரணி திரையையும் மேசைக்கடியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பதில் எடுத்துக் குடுக்க ஆள் வச்சிருக்கீங்களா? அப்படின்னா இதோட முடிச்சுக்கலாம்."

மூலையில் நான்கு. கலாமணி பழைய முனையை உருவிவிட்டுப் புதியதைச் செருகினாள். அப்புறம் எழுந்து நின்றாள். தலையில் நூலாம்படை. முழங்கையெல்லாம் மண்.

"வணக்கமுங்க. நான் லேப்டாப் ரிப்பேர் பண்றவளுங்க. காலையில இந்தப் புள்ள சார்ஜர் கெட்டுப்போய் வந்துச்சு. நான் நல்லா இருந்த பேட்டரியக் கழட்டி மாத்தி அனுப்பீட்டேன். தப்பு என்னோடதுங்க. அதை மாத்திக் குடுக்கத்தான் வந்தேன். புள்ளைக்கு நான் வந்ததே தெரியாதுங்க."

அந்த அம்மையார் கண்ணாடியை மேலே ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"சார்ஜர்னு உங்களுக்கு முதல்லயே தெரியலையா?"

"அளந்து பாத்தனுங்க. சும்மா வச்சு அளந்தேன். அப்ப நல்லாத்தான் காட்டுச்சு. பாரத்தைத் தூக்கச் சொன்னாத்தான் படுத்துக்குது. அதை நான் பாக்காம விட்டுட்டனுங்க."

எங்கோ கூடைக்குள்ளிருந்து ஒரு கோழி "கொக்" என்றது.

"சரி, நீங்க வெளிய போங்க. தாரணி, கேமராவைத் திருப்பி ரூம் முழுக்கக் காட்டுங்க. கதவை உள்ள தாழ் போட்டுட்டு வாங்க. விட்ட இடத்துலருந்து ஆரம்பிக்கலாம்."

கலாமணி வெளியேறும்போது திரையின் மூலையைத் திரும்பிப் பார்த்தாள். நான்கு ஐந்தாகியிருந்தது. தேர் நிலையிலிருந்து நகர்ந்ததைப் பார்த்ததுபோல இருந்தது அவளுக்கு.

வாசற்படியில் தாரணியின் அம்மாவும் கலாமணியும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். யார் யாருக்குத் தைரியம் சொன்னார்கள் என்பது அவர்களுக்கே தெரியாது. ஒரு மணி வாக்கில் கதவு படாரென்று திறந்தது.

"மாசம் பொறந்ததும் வந்து சேரச் சொல்லிட்டாங்கம்மா!"

மூன்று பேரும் கத்திய கத்தலில் கோழி கூடையைத் தள்ளிக்கொண்டு வெளியே ஓடியது.

"அக்கா, அந்த மேடம் உங்களைப் பத்திக் கேட்டாங்க" என்றாள் தாரணி.

"என்னன்னு?"

"ரிப்பேர்க்காரங்க வீடு தேடி வந்து தப்புன்னு சொல்லுவாங்களா, அது எந்த ஊருன்னு கேட்டாங்க."

கலாமணி பேச்சை மாற்றிவிட்டு லேப்டாப்பைக் கவிழ்த்தாள். கையோடு கொண்டுவந்திருந்த பழைய பேட்டரியையே திரும்பப் பொருத்தினாள். கடைச் சார்ஜரை அங்கேயே விட்டுவிட்டு, புதுப் பேட்டரியையும் கெட்ட சார்ஜரையும் பையில் போட்டுக்கொண்டு புறப்பட்டாள்.

மறுநாள் காலையில் சம்சாத் தூக்குப்போசி நிறையக் கல்யாண பிரியாணியோடு வந்தாள்.

"கடை எப்படி ஓடுச்சு கலாக்கா?"

"கடை ஓடலீங்க குருவே. நான்தான் ஓடினேன்."

ஒன்றையும் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். மினுக்கலைச் சொன்னாள், பத்தொன்பதைச் சொன்னாள், கட்டிலுக்கடியில் தவழ்ந்ததைச் சொன்னாள். தவழ்ந்த இடத்தில் சம்சாத் சிரித்த சிரிப்பில் போசி கவிழப் பார்த்தது.

கலாமணி மட்டும் சிரிக்கவில்லை.

"சும்மா வச்சு அளக்கக் கூடாதுன்னு நீங்க சொல்லித்தான் குடுத்தீங்க. பேட்டரியக் கழட்டி வச்சுட்டு வெறும் சார்ஜர்ல ஓடுதான்னு பாக்கோணும்னும் சொன்னீங்க. நான் ரெண்டையும் தலைகீழா ஒப்பிப்பனே! தெரிஞ்சுதானுங்க தப்புப் பண்ணினேன்."

சம்சாத் அந்தக் கெட்ட சார்ஜரை எடுத்துப் பிளக்கில் செருகினாள். மீட்டரை அதன் முனையில் வைத்தாள்.

பத்தொன்பது.

"பாருங்க, இதுவும் நல்லா ஒப்பிக்குது."

கலாமணியின் முகம் சுருங்கிவிட்டது.

"அப்ப எனக்குத் தொழில் வரலீங்களா?"

சம்சாத் மீட்டரை அணைத்தாள். ஒரு தட்டில் பிரியாணியை வைத்து அவள் பக்கம் தள்ளினாள்.

"ஆட்டுக்கூட்டத்துக்கு நடுவுல மொபெட்ல போனீங்களே, அப்ப உங்க கை நடுங்குச்சா?"

கலாமணி யோசித்தாள்.

"தெரியலீங்க. கையப் பாக்க எங்க நேரம்? அந்தப் புள்ள மொகந்தான் கண்ணுல நின்னுச்சு."

"தொழில் வந்துருச்சா, வரலையான்னு அப்ப நெனச்சீங்களா?"

"அதுக்கெல்லாம் எங்கீங்க நேரம்!"

"மீட்டரை உங்களுக்கு அப்பத்தானே வச்சிருக்கோணும் கலாக்கா" என்றாள் சம்சாத்.